குடியாட்சியிற் குடிகளின் பங்கு

குடியாட்சி என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குவோமாயின், அதன்கண் முன்னே நிற்பது குடி. பின்னே வருவது ஆட்சி. கோனாட்சியிலே கோன் எவ்வாறு முதல்வனோ, அவ்வாறே குடியாட்சியிலே குடி முதல்வன். ஆயினும் நடைமுறையிற் காண்பது யாது? தேர்தல் நாளன்று காலை தொடங்கி மாலை வரை குடிகள் மன்னராயிருக்கின்றனர். வாக்களிப்பு நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், சூடிய முடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று வீடு திரும்புகின்றனர். அடுத்த தேர்தல் வரும்வரை அம்முடியை எடுத்துத் தூசி தட்டுவாரும் இல்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. 1762 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூலிலே ரூசோ என்னும் அறிஞர் ஆங்கில மக்களைப் பற்றி இதனையே கூறினார். பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்யும் பொழுதிலன்றி மற்றைப் பொழுதெல்லாம் அவர்கள் சுதந்திரர் அல்லர் என்பது அவர் கருத்து. அக்கூற்றிற் சிறிது மிகை உண்டெனினும், அதனுள் உறையும் உண்மை நம் நாட்டுக்கும் பொருந்துவதே.

இலங்கை மக்களுக்கு இம்முடி எவ்வாறு கிடைத்தது என்பதை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் இறுதியிலே டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இங்கு வந்தது. அக்காலத்திற் சொத்து, வருமானம், கல்வி ஆகியவற்றால் தகுதி பெற்ற ஆடவர் சிலரே வாக்காளராயிருந்தனர். சனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேரளவினரே. ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த தலைவர்களுட் பலர் இவ்வெல்லையைச் சிறிது அகலப்படுத்தினாற் போதும் என்றே கருதினர். எழுத்தறியாதவர்க்கும் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கு அளித்தால் நாடு சீர்குலையும் என்று அஞ்சியவரும் அவர்களுள் இருந்தனர். அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று வற்புறுத்தியவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா போன்ற சிலரே.

பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பிலும் சிலர் சாட்சியமளித்தனர். அவர்களுள் ஒருவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினவியபோது, அவர்களும் பெண்களே, ஆதலின் ஐயமின்றி வேண்டும் என்னும் கருத்துப்பட அம்மையார் விடை பகர்ந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அம்மையார் தமக்காக மட்டுமன்றி, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காகவும் உரிமை கேட்டார். தனக்கென மட்டும் கேட்பது மனுச் செய்தல். பிறர்க்கும் சேர்த்துக் கேட்பதே குடிமைப் பண்பு.

1931 ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. பிரித்தானியப் பெண்கள் ஆடவரோடு சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன என்பதை நோக்கின், இதன் பெருமை விளங்கும். எழுத்தறியாதாரும் வாக்களிக்கும் பொருட்டு அன்று வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. வாக்காளர் தாம் விரும்பியவரின் நிறப் பெட்டியிலே தம் வாக்குச் சீட்டை இட்டனர். பின்னர் 1959 ஆம் ஆண்டில் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

இனி, பங்கு கொள்ளாமை பற்றியும் நம் வரலாறு கூறும் செய்தி ஒன்றுண்டு. 1931 ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதே அதற்குக் காரணம். அவ்விளைஞர் தன்னலம் கருதியவர் அல்லர். சாதிப் பாகுபாட்டையும் சீதனக் கொடுமையையும் எதிர்த்தவர்கள். அவர்கள் கேட்டதற்கிணங்க யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் 1934 ஆம் ஆண்டு வரை வெறுமையாகவே கிடந்தன.

அந்த அரசாங்க சபையின் அமைப்பை அறிந்தால் இதன் விளைவு இன்னும் தெளிவாகும். சபை உறுப்பினர் யாவரும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி முதலிய கருமங்களை அக்குழுக்களே கவனித்தன. ஆகவே உறுப்பினர் ஒருவர் பேசுவதற்கு மட்டுமன்றி, ஆள்வதற்கும் அங்கே இடம் பெற்றிருந்தார். நான்கு தொகுதி மக்களுக்கு அவ்விடம் மூன்றாண்டுகள் இல்லாது போயிற்று. விலகி நிற்றலும் ஓர் அரசியற் செயலே; சில வேளைகளில் அது மானமுள்ள செயலுமாகும். ஆனால் வெற்று நாற்காலிக்கு நாவில்லை. விலகி நிற்போர், அவ்வெறுமையை வேறெவ்வழியால் நிரப்புவது என்பதையும் முன்னரே சிந்தித்தல் வேண்டும்.

தாமே விலகி நின்றோர் நிலை இதுவெனின், விலக்கப்பட்டோர் நிலை யாது? 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் அவர்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவரேனும் இலர். அதன்பின் அவர்களைப் பற்றிய உடன்படிக்கைகள் பல எழுந்தன. 1964 ஆம் ஆண்டிலே இரு நாட்டுப் பிரதமர்கள், இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரின் கருத்தை வாக்கு மூலம் அறிய வழியில்லாதிருந்தது. எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. வாக்கில்லாதவனைப் பற்றிப் பிறர் பேசுவர், அவனோடு பேசார். வாக்குரிமையின் பெறுமதியை நமக்கு இதனினும் தெளிவாக உணர்த்துவது பிறிதில்லை.

வாக்குக் கிடைத்த பின்னரும் குறை முற்றாக நீங்கிற்றில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த ஒரு பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினரோ அவர்கள் வாழும் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடச் சபைப் பணத்தைக் கேட்க இயலாது. நெடுங்காலம் விடாது எழுப்பப்பட்ட கோரிக்கையின் பயனாக 2018 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. வாக்கு என்பது கதவின் திறவுகோல் மட்டுமே என்பதும், கதவைத் திறந்து உட்புகுந்து பேசினாலன்றிப் பயனில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

நேயர்களே, இங்கே பிரதேச சபையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூற வேண்டும். நாம் பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நம் வாயிலில் நிற்கும் சபையைப் பற்றிப் பேசுவதில்லை. 2024 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். அவ்வாண்டே நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் அது 69 ஆகக் குறைந்தது. 2025 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் அதனினும் குறைந்தது. சபை நமக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதோ, அவ்வளவுக்கு நம் ஆர்வம் குன்றுகின்றது. ஆனால் வீட்டு வாயிலின் வடிகால், சந்தியின் விளக்கு, சந்தைக் கட்டடம், குப்பை அகற்றல், நூலகம், மயானம் இவையாவும் அச்சபையின் பொறுப்பு. மேலும், நாம் நேரிற் சென்று கேள்வி கேட்கத்தக்க தொலைவில் இருப்பதும் அதுவே.

அச்சபைகளுக்கு அண்மையில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். யூலை மாதத்தில் சனாதிபதி பதவி துறந்தார். மக்கள் திரண்டால் யாது நிகழும் என்பதை உலகம் கண்டது. ஆனால் 2023 மார்ச் 9 ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், நிதியில்லை என்னும் காரணத்தால் நடைபெறாது போயிற்று. சபைகளின் காலம் முடிந்தது. உறுப்பினர் வீடு சென்றனர். இரண்டாண்டுகளுக்கு மேலாக உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். வரி அறவிடப்பட்டது, வரி செலுத்துவோரின் பிரதிநிதிகள் அங்கே இல்லை. அப்போது வீதியில் இலட்சம் பேர் திரளவில்லை. பொது அமைப்புகளும் கட்சியினரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறுவதாகும் என 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது.

வீதியில் திரளுதல் பெரு வெள்ளம் போன்றது. அது தடைகளை உடைக்கும். ஆயின் பயிருக்கு நாள்தோறும் நீர் பாய்ச்சுவது வாய்க்காலே. மனு எழுதுதல், கூட்டத்துக்குச் செல்லுதல், கணக்குக் கேட்டல், வழக்குத் தொடுத்தல் ஆகிய இவை யாவும் வாய்க்காலை ஒத்தன. இவற்றிலே ஆரவாரம் இல்லை. ஆதலாற் பலர்க்கு இவற்றில் ஆர்வமும் இல்லை.

அவ்வாய்க்கால்களுட் சிலவற்றை இனிக் கூறுவேன். முதலாவது, தேருநர் இடாப்பு. ஆண்டுதோறும் இவ்விடாப்பு மீளாய்வு செய்யப்படுகின்றது. வீட்டுக்கு வரும் படிவத்தை நிரப்பிக் கிராம உத்தியோகத்தரிடம் கொடாதவர், தேர்தல் நாளில் தம் பெயரைக் காணாது சினப்பதிற் பயனில்லை. வாக்களிக்கும் முறையையும் அறிதல் வேண்டும். 2024 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. வெறுப்பினால் வேண்டுமென்றே பழுதாக்கியோர் சிலராகலாம். கட்சிக்கு ஒரு புள்ளடியும், விரும்பினால் அக்கட்சியின் வேட்பாளர் மூவர் வரைக்கு விருப்பு வாக்கும் இடும் முறையை அறியாது இழந்தோரும் அவர்களுள் இருப்பர். நிலையத்துக்குச் சென்று வரிசையில் நின்று விரலில் மை பூசிய பின்னரும் எண்ணப்படாத வாக்கினாற் பயன் யாது?

இரண்டாவது, சபையின் வரவு செலவுத் திட்டம். ஆண்டு தொடங்குமுன் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் வரும். அவ்விளம்பரத்தைப் படிப்போர் மிகச் சிலர். சென்று பார்ப்போர் அவரினும் சிலர். இவ்வாண்டு எத்தெருவுக்கு எவ்வளவு பணம் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். தெரு போட்ட பின்னர்ச் சந்தியில் நின்று குறை கூறுவதினும், போடுமுன் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது எளிது.

கணக்குக் கேட்டல் நம் மரபுக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்த விதிகள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அச்சபை அனைவர்க்கும் உரியதன்று. நிலமும் கல்வியும் உடைய ஒரு பிரிவினர்க்கே அது உரியது. பெண்களுக்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அங்கு இடமில்லை. ஆகவே அதனைக் குடியாட்சியின் முழு வடிவம் என்று கொண்டாடுதல் பொருந்தாது. எனினும், பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொது அதிகாரசபை எதனிடமும் அதன்பால் உள்ள தகவலைக் கேட்கும் உரிமை இந்நாட்டுக் குடிமக்கள் யாவர்க்கும் உண்டு. ஏன் கேட்கிறீர் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா எனத் தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன்பின் ஆணைக்குழுவும் உண்டு. ஓர் ஊரிலே மதகு ஒன்று கட்டப்பட்டு முதல் மாரியிலேயே இடிந்ததென்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், அளந்து பார்த்துக் கையொப்பமிட்டவர் யார் என்னும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். நூறு பேர் கூடி வைவதினும் அத்தாள் வலியது. ஏனெனின், வசவுக்கு விடை கூறவேண்டிய கடமை எவர்க்கும் இல்லை.

அத்தாளைத் தமிழில் எழுதும் உரிமையும் நமக்குண்டு. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரச கரும மொழியாக்கியது. 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்றது. எனினும், தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைப் பிறரிடம் காட்டிப் பொருள் கேட்கும் தமிழர் இன்றும் உளர். தமக்கு வந்த விடையையே படிக்க இயலாதவர் ஆட்சியிற் பங்கு கொள்வது எங்ஙனம்? அத்தகைய கடிதத்தைத் திருப்பியனுப்பி, தமிழில் விடை தருக என்று பணிவோடும் உறுதியோடும் எழுதுதல் தனியொருவர் வேலையெனினும், அதனாற் பயன்பெறுவோர் பலர்.

நான்காவது, நம் ஊர்ச் சங்கங்கள். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவை குடியாட்சியின் பள்ளிக்கூடங்கள். தலைவரைத் தெரிவு செய்தல், அறிக்கை வாசித்தல், கணக்கை ஏற்றல் அல்லது மறுத்தல், மாறுபட்ட கருத்தைப் பொறுமையோடு கேட்டல் என்பன அங்கே பயிலப்படுகின்றன. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குக் கூட்ட நடப்பெண் சேராமல் அரைமணி நேரம் காத்திருப்பதும், பழைய தலைவரே பதினைந்தாண்டு இருப்பதும், கணக்கறிக்கையை வாசிக்காமலே கை உயர்த்துவதும் பல ஊர்களில் வழக்கமாயின. சிறு சங்கத்திற் கேள்வி கேட்டுப் பழகாதவர் பெருஞ்சபையிற் கேட்கப் போவதில்லை.

இச்சங்கங்களிற் பாயை விரிப்பவர், தேநீர் ஊற்றுபவர், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் பெரும்பாலும் பெண்களே. மேடையில் இருப்போர் யார் என்பதை நான் கூற வேண்டியதில்லை. உள்ளூராட்சிச் சபைகளிற் பெண்கள் நீண்டகாலம் நூற்றுக்கு இருவர் அளவினராகவே இருந்தனர். நான்கிலொரு பங்கு இடம் பெண்களுக்கு என்னும் விதி 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த பின்னரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சபைகளுக்குட் புகுந்தனர். அவர்களுள் முதன்முறை எழுந்து பேசுபவரை ஏளனம் செய்யாதிருத்தலும் நம் பங்கே.

"இவையெல்லாம் நன்று; ஒருவன் கேட்டு என்ன ஆகும்? வேலையையும் கூலியையும் விட்டுக் கூட்டத்துக்குப் போக எவர்க்கு நேரமுண்டு?" என்று நேயர் சிலர் எண்ணலாம். இவ்வினா நியாயமானதே. நாட்கூலிக்குச் செல்பவர்க்குப் பகற் பத்து மணிக் கூட்டம் இல்லாத கூட்டமே. ஆதலின், மாலையிற் கூட்டம் வைக்குமாறு கேட்பதையே முதற் கோரிக்கையாக்குக. எல்லாரும் எல்லாவற்றுக்கும் செல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவுக்கு ஒருவர் முறை வைத்துச் சென்று, வந்து, மற்றவர்க்குச் சொன்னாற் போதும். வேறு சிலர்க்குத் தடையாய் இருப்பது நேரமன்று, அச்சம். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற நீண்ட போர்க்காலத்திலே கேள்வி கேட்பதே ஆபத்து என்று கற்றுக்கொண்ட தலைமுறை நம்மிடையே உண்டு. அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. தனியொருவரைக் கேட்க விட்டுவிட்டு நாம் பின்னே மறையாது, ஐவர் சேர்ந்து கையொப்பமிட்டால் அச்சம் ஐந்தாகப் பகுக்கப்படும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கூறுவேன். பங்கு கொள்ளுதல் என்பது எப்போதும் தன் பக்கம் வெல்லுதல் அன்று. நாம் கேட்ட தெரு அடுத்த ஊருக்குப் போகலாம். அவ்வூரின் தேவை நம்முடையதிலும் பெரிதாயிருக்கலாம். தோற்ற பின்னரும் அடுத்த கூட்டத்துக்கு வருபவரே குடியாட்சியைத் தாங்கும் தூண். மகஜரை வாசியாது கையொப்பமிடுபவரும், வாக்கை உறவுக்கும் உதவிக்கும் கைம்மாறாகக் கொடுப்பவரும் பங்கு கொள்வதாகத் தோன்றினும் தம் பங்கைப் பிறர்க்கு ஒப்படைத்தவரே ஆவர்.

ஆகவே, நேயர்களே, உங்கள் பிரதேச சபையின் வட்டார உறுப்பினர் யார் என்பதை இவ்வாரம் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் சனசமூக நிலையத்தின் அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். வீட்டிலே 18 வயது நிரம்பியவர் இருப்பின், அவர் பெயர் இடாப்பில் உண்டா என்று பாருங்கள். தோட்டத்துப் பெண்ணுக்கும் சேர்த்து ஒருவர் கேட்டதையும், அவள் அதனை இழந்து மீண்டும் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றதையும் நினைவிற் கொண்டால், கையிலிருப்பதை வாளா வைத்திருக்க மனம் வராது. குடிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் விழித்தெழுவாராயின், ஆட்சியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையே அவர்களை நினைக்கும். நாள்தோறும் நினைக்கப்பட வேண்டுமாயின், நாள்தோறும் விழித்திருத்தல் வேண்டும்.